ஒரு நீளம், இரண்டு குட்டை

சேர்வராயனுக்கு வலது காது கேட்காது.
வண்டி ஓட்டுகிறவனுக்கு
ஜன்னல் பக்கத்துக் காது அது.

பனிக்குள் எது வெடித்தது, எப்படி வெடித்தது,
எங்கள் யாரிடமும் அவன் சொன்னதில்லை.
புனே ஆஸ்பத்திரியில் ஏழு மாதம்.
தொடைக்குள் ஒரு கம்பி,
மழை வருமுன் அது முனகும்.
காதுக்குள் ஓயாத ஒரு சில்வண்டு.
மலையில் பிறந்தவன்.
அது உள்ளே கத்துகிறதா வெளியே கத்துகிறதா என்று
ராத்திரி முழுக்கச் சந்தேகம்.

ஊர் திரும்பிய அன்று
ஒண்டிக்கடையில் பிளெக்ஸ் வைத்தோம்.
புலிக்கும் பீரங்கிக்கும் நடுவே அவன் முகம்.
கீழே எங்கள் முகங்கள், பத்தொன்பது,
அவனுடையதைவிடக் கொஞ்சமே சின்னதாக.
மாலை போட்டோம். மேளம் அடித்தோம்.
மேளத்துக்கு அவன் கண்ணை இறுக்கி மூடியதை
செல்லக்கண்ணு மட்டும் பார்த்தாள்.
மறுவாரம் அவளே வந்து
கயிற்றை அறுத்து எடுத்துப் போனாள்.
மிளகு காயப்போட நல்ல விரிப்பு,
முகம் தரையைப் பார்க்க.

பென்சன் வந்தது. கடன் அதற்கு முன்பே வந்திருந்தது.
பழைய பிக்கப் ஒன்றைப் பிடித்து
நாகலூர் காப்பி மூட்டைகளைச்
சேலத்துக்கு இறக்கத் தொடங்கினான்.

ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும்,
திசை கேட்காது.
எங்களுக்கு இது தெரியாது.
இருபது வளைவும் ஹாரனை நம்பித்தான் வளைகின்றன.
மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா,
எல்லாம் ஒரே இடத்தில், அவன் மண்டைக்குள்.

பதிமூன்றாம் வளைவில் ஒருநாள்
நட்டநடு ரோட்டில் நிறுத்திவிட்டான்.
ஸ்டியரிங்கிலிருந்து கை பிரியவில்லை.
பின்னால் சேலம் பஸ். அதன் பின்னால் என் ஜீப்.
என் பின்னால் குரங்குக்குப் பொரி வீசும் கார்கள்.
பஸ் ஓட்டும் லூர்துசாமி அண்ணன் இறங்கிப் போய்
இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.
நாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
ஒரு கமலா ஆரஞ்சை உரித்து
டாஷ்போர்டில் சுளை சுளையாக வரிசை வைத்தார்.
ஆறாவது சுளை வைக்கும்போது
அவன் கை வந்து ஒன்றை எடுத்தது.
அதுவரை ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை.
அந்த ரோட்டில் அது நடக்காத காரியம்.

கூட்டம் என்று எதுவும் போடவில்லை.
அன்றிரவு ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒன்றுக்குப் போன இடத்தில் பேச்சு:
ஏறுகிறவன் ஒரு நீளம்.
இறங்குகிறவன் இரண்டு குட்டை.
பால் வேன்களுக்குச் சுக்கூர் பாய் சொன்னார்.
அடிவாரச் செக்போஸ்டில் குப்பாயி
வெளியூர் வண்டிகளைச் சும்மா விடவில்லை,
"பிளாஸ்டிக் இருக்கா" என்பதோடு இதையும் சேர்த்தாள்.

ஒன்பதாம் நாள் டீக்கடையில் கேட்டான்:
எனக்காகவா?
ஆர்.டி.ஓ. உத்தரவு என்றேன்.
பதினாறு வருசம் உத்தரவிலேயே எழுந்து
உத்தரவிலேயே படுத்தவன்.
நகலைக் காட்டு என்றான்.
என் கையில் டீ கிளாஸ்தான் இருந்தது.
சிரித்தான். பாதியில் தொடை பிடித்துக்கொண்டது,
மீதியையும் சிரித்தான்.

குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன்.
தீபாவளி ராத்திரி போர்வையோடு
காப்பிக் காட்டின் உள்ளே போய்ப் படுக்கிறான்.
நாகலூர்ப் பிள்ளைகள் வெடிக்காமலும் இல்லை,
பிள்ளைகள்தானே.

நேற்று பதினெட்டாம் வளைவில்
மஞ்சு இறங்கி என் பானெட்டே தெரியவில்லை.
ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு நீளம்.
மேலிருந்து இரண்டு குட்டை.
ஓரம் கட்டி நின்று வழி விட்டான்.
வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் விளக்கு,
அதன் பின்னால் காப்பிக்கொட்டை வாசம்.
கடந்து போன பிறகு
இன்னொன்று அடித்தான், சின்னதாக.
அது சட்டத்தில் இல்லை.